எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில். மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும். தண்ணீர் மோட்டாரும் நிற்கும். கீழே உள்ள குழாயில் பிடித்து மேலே சுமந்தால்தான் சமையலுக்குத் தண்ணீர். ஒரு நாள் வேலை முடிந்து கைபேசி வெளிச்சத்தில் படி ஏறும்போது, மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிள்ளை இரண்டு ஐந்து லீற்றர் கலன்களை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

அவளை எனக்கு முன்பே தெரியும். எதிர்வீட்டில் வேலைக்கு நின்றவள். அவர்கள் பால்கனியில் காலை ஏழு மணிக்கு உடுப்புக் காயப்போடுவாள். அதே நேரம்தான் என் மகள் வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூட வானுக்கு ஓடுவாள். நான்கு மாதமாக இரண்டு பேரையும் ஒரே சட்டகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

ஒரு கலனை நான் தூக்கினேன். "எத்தனை வயது பிள்ளை?" என்று கேட்டேன். "பதினெட்டு அக்கா." யோசிக்கவே இல்லை, கேள்வி முடியுமுன் பதில் வந்தது. பழக்கிக் கொடுத்த பதில் என்று தெரிந்தது. அடுத்த படிகளில் வேறு விதமாகக் கேட்டேன்: "ஸ்கொலர்ஷிப் எழுதினீங்களா?" முகம் மாறிவிட்டது. "எழுதினேன் அக்கா, 2018ல. நூத்திப் பன்னெண்டு புள்ளி. எங்க ஸ்கூல்ல நான்தான் ரெண்டாவது."

என் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியதும் 2018இல்தான். அவளுக்குப் பதினான்கு வயது.

இந்தக் கேள்வியை நான் திட்டமிட்டுக் கேட்கவில்லை, வாயில் வந்தது. ஆனால் பிறகு இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். வயதைக் கேட்டால் சொல்லிக்கொடுத்த வயது வரும். ஸ்கொலர்ஷிப் எந்த வருடம், கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால் உண்மை வரும். பிள்ளைகள் மதிப்பெண்ணை மறைக்க மாட்டார்கள்.

அவளை மலர் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுத மாட்டேன்.

அன்றிரவு நான் செய்தது பெரிய பிழை. எதிர்வீட்டு அம்மா எனக்குக் கோயிலில் பழக்கமானவர், நல்லவர் என்று பெயர் எடுத்தவர். நல்லவரிடம் நேரே சொன்னால் சரிவரும் என்று நம்பி, கதவைத் தட்டி, மெதுவாக, "அன்ரி, அந்தப் பிள்ளைக்குப் பதினான்குதான் இருக்கும் போல, சட்டச் சிக்கல் வரலாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. தேநீர் தந்தார். "அவள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. பொங்கலுக்கு எனக்கு எடுத்த கடையிலதான் அவளுக்கும் உடுப்பு எடுத்தனான். கலியாணத்துக்கு ஒரு சங்கிலி போட்டு அனுப்புவன்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அவர் அதை நம்பினார்.

மூன்றாம் நாள் பால்கனியில் வேறொருவர் உடுப்புக் காயப்போட்டார். மலரை இரவோடிரவாக வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கு முதலில் போகாதீர்கள். எவ்வளவு பழகிய வீடாக இருந்தாலும் போகாதீர்கள். நீங்கள் சொன்ன நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளை அவர்களுக்கு மறைக்க வேண்டிய பொருளாகிவிடும். நான் போன அன்று ஒரு கொப்பியில் திகதி, நேரம், மாடி இலக்கம், கண்ட வேலை, அவள் சொன்ன ஊர் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு 1929ஐ அழைத்திருக்க வேண்டும்.

1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சபை அது. அந்த எண்ணை என் மகளின் பள்ளிக்கூடக் கொப்பி அட்டையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அழைக்க மட்டும் கை வரவில்லை. "அயல் வீட்டைக் காட்டிக் கொடுக்கிறோமா" என்ற எண்ணம் இரண்டு நாள் தடுத்தது. மலர் காணாமல் போன பிறகுதான் அழைத்தேன். தமிழில் பேச ஆள் வந்தார். வயது என்ன நினைக்கிறீர்கள், காயம் கண்டீர்களா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எங்கே கொண்டுபோயிருக்கலாம் என்று பொறுமையாகக் கேட்டார். என் பெயரை வெளியில் சொல்ல மாட்டோம் என்றார். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கினேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த இலக்கம்தான் கைப்பிடி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலிலிருந்து கதை சொல்லாமல் அந்த இலக்கத்தைச் சொல்லலாம். ஓர் அலுவலகத்தில் எனக்குச் சிங்களப் படிவம் ஒன்றைத் தந்து ஒப்பமிடச் சொன்னார்கள். வாசித்து விளங்காமல் ஒப்பமிட மாட்டேன் என்று இரண்டு மணி நேரம் இருந்தேன். கடைசியில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வந்து என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதினார். தமிழில் வாக்குமூலம் தருவது நமது உரிமை. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

(பிள்ளையை அடிக்கும் சத்தம் கேட்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் 119. பெண்களுக்கு நடக்கும் கொடுமைக்கு 1938.)

இதற்கிடையில் எங்கள் மாடிக்குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒருவர் மலரின் படத்தைப் போட்டுவிட்டார். உதவி செய்கிற எண்ணத்தில்தான். "இந்தச் சிறுமியைக் கண்டால் தெரிவிக்கவும்" என்று எழுதியிருந்தார். அரை மணி நேரத்தில் அது எங்கெங்கோ போய், மலையகத்தில், ஹட்டனில் அவளுடைய மாமாவின் கைபேசிக்கும் போனது. "வீட்டில் களவெடுத்துவிட்டு ஓடிவிட்டாளாம்" என்ற கதையோடு. ஒரு பெண்பிள்ளையின் பெயரில் அப்படி ஒரு கதை ஒட்டினால் லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதைக் கழுவ எத்தனை வருடம் வேண்டும் என்று அவளுடைய அம்மா பிறகு என்னிடம் அழுதார். படம் போடாதீர்கள். முகத்தை மறைத்தும் போடாதீர்கள், ஊரும் உடுப்பும் போதும் அடையாளம் காண.

மூன்று வாரத்தில் தெஹிவளையில் எதிர்வீட்டு அம்மாவின் தங்கை வீட்டில் அவளைக் கண்டுபிடித்தார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர்கள் மூலம் ஒரு பாதுகாப்பு இல்லத்தில் வைத்தார்கள். என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டேன். ஒரு பெண் உத்தியோகத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மிஸ், நீங்களும் அவளை ஒரு வீட்டில் வைக்கத்தானே கேட்கிறீர்கள்?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. நான் பத்து வயதாக இருந்தபோது எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டிலும் ஒரு பிள்ளை நின்றாள். பண்டாரவளைப் பக்கம். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட. அவளுக்கும் என் பெயரேதான். ஒரே வீட்டில் இரண்டு வசந்தி இருந்தால் குழப்பம் என்று அம்மம்மா அவளுக்கு ராணி என்று பெயர் வைத்தார். அவள் நான்கு வருடம் ராணியாக இருந்தாள். கூப்பிட்டவுடன் வந்தாள். நான் வீட்டுப்பாடம் செய்யும்போது வாசற்படியில் இருந்து அரிசி பொறுக்குவாள், நான் சத்தமாக வாசித்த செய்யுளை என்னைவிட முதலில் மனப்பாடம் செய்துவிடுவாள். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம், பாராட்டினோம். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவிடம் இப்போது கேட்டால், "அவளை நாங்கள் எங்கட பிள்ளை மாதிரித்தானே வைத்திருந்தோம்" என்பார். பிள்ளை மாதிரி வைத்திருந்தோம், ஆனால் அவளுக்கு அலுமினியத் தட்டு, எனக்குப் பீங்கான் தட்டு.

எதிர்வீட்டு அம்மா சொன்னதைக் கேட்டு நான் ஏன் முதல் நாள் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன் என்று இப்போது விளங்குகிறது. அது எனக்கு என் வீட்டுப் பேச்சாகக் கேட்டது.

மலரின் அம்மா பாதுகாப்பு இல்லத்துக்கு வந்த அன்று நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே விரும்பவில்லை. வாசலில் வைத்து, "புள்ளைய எடுத்துக் குடுத்துட்டீங்க மேடம். வர்ற கெழம கட்டுக்காச யாரு கட்டுவா?" என்று கேட்டார். கட்டுக்காசு என்றால் கடன் தவணை. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடி ஒரு சனிக்கிழமை கோட்டையிலிருந்து ரயிலேறி ஹட்டன் போய், அங்கிருந்து பஸ்ஸில் நோர்வூட் பக்கம் போனேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா. ஆறு பேர். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது உண்மை. ஆனால் சொன்ன நிறைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்காவிட்டால் அது அரைப்பேர், பாதிச் சம்பளம். அதே ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, கொழுந்து விழுந்தது, வேலை நாளும் குறைந்தது. பள்ளிக்கூடம் கொரோனாவில் மூடிக் கிடந்தது, வீட்டில் ஒரு கைபேசிதான், நான்கு பிள்ளைகள். அந்த அம்மா நுண்கடன் எடுத்திருந்தார். கூட எடுத்த மூன்று பெண்களுக்கும் பிணை நின்றிருந்தார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கட்டுக்காசு வாங்க ஆள் கிழமைக்கு ஒரு தடவை லயத்துக்கே வந்து வாசலில் நிற்பான். அந்த நேரத்தில் ஊர்த் தரகர் ஒருவர், தூரத்து உறவு, 25,000 ரூபா முற்பணத்தோடு வந்தார். "மூணு வருசம் நின்னா சங்கிலி போட்டு அனுப்புவாங்க" என்றார்.

அந்தச் சங்கிலி! எதிர்வீட்டு அம்மாவும் அதையேதான் சொன்னார். இதைக் கேட்ட என் ஒன்றுவிட்ட அக்கா, சென்னை வளசரவாக்கத்தில் இருப்பவர், "கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் நூல் மில்களில் இதே கதைக்குப் பெயரே வைத்திருந்தார்கள், சுமங்கலித் திட்டம்" என்றார். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் மில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவது. முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. இடையில் உடம்பு முடியாமல் வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காமல் போகும். வரதட்சிணையை இந்தியா 1961இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. ஆனால் பெண்ணைப் பெற்றவர்களின் அந்தப் பயம் போகவில்லை, அதை வைத்து மில்லுக்கு மலிவாக ஆள் பிடிக்க முடிந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பதை இந்தியா 2006 அக்டோபரில் தடைசெய்தது. 2016 திருத்தத்தில் அந்த வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றானது, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகளோடு. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இங்கே இலங்கையில் 2021இல் வந்த திருத்தத்தோடு, வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. அக்கா தன் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் 1098 என்ற இலக்கத்தை ஒட்டிவைத்தார். இந்தியாவில் பிள்ளைகளுக்கான இலவச அழைப்பு எண் அது.

இங்கே சட்டம் மாறிய அதே 2021இல், ஜூலை மாதம், மலையகத்தின் டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்த பதினாறு வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். மலையகத்திலும் கொழும்பிலும் ஊர்வலம் போனார்கள். நானும் ஒரு நாள் பதாகை பிடித்தேன். அதற்கு நான்கு மாதம் கழித்து மலர் எதிர்வீட்டுக்கு வந்தாள்.

சம்பளத்தைச் சம்பளமாகக் கொடுக்காமல், பிறகு தரும் நகையாக, புது உடுப்பாக, "போட்டு அனுப்புகிற" தயவாக மாற்றிவிட்டால், பிள்ளையால் கணக்குக் கேட்கவே முடியாது. மலருக்கு மாதம் 15,000 என்று பேசியிருந்தார்கள். அவள் கையில் ஒரு ரூபாகூட வரவில்லை. முதல் மாதத்துப் பணம் தரகருக்குப் போனது, கடைசி இரண்டு மாதத்துப் பணம் யாருக்குமே போகவில்லை. விசாரணை நடக்கும்போது அந்த நிலுவையை மட்டும் விடாமல் கேட்கச் சொல்லி உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் எதிர்வீட்டு அம்மாவின் தம்பி கொண்டுவந்து கொடுத்தார். அதை மலரின் அம்மா, மலரின் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார். அவள் இரண்டு தடவை எண்ணினாள்.

திரும்பப் பள்ளிக்கூடம் சேர்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. இலங்கையில் ஐந்து வயதிலிருந்து பதினாறுவரை கட்டாயக் கல்வி, ஆகவே எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கு வாருங்கள், அடுத்த தவணைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்தோம். கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்று. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் பிரதேச செயலகத்தில் இருப்பார், பலருக்குத் தெரியாது. அவர் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு நேரில் வந்ததும் மூன்று கிழமையாக நகராத விடயம் அன்றே நகர்ந்தது. செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் மூன்று பேரைச் சேர்த்து, மாதம் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டோம். முதல் இரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்பினோம். அது நேரே கட்டுக்காசுக்குப் போனது. குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிறகு கொப்பி, சப்பாத்து, பின்னேர வகுப்புக் காசு என்று அவர்களுக்கு அனுப்பாமல் அந்தந்த இடத்துக்கே கட்டினோம். கடன் விடயத்தை வேறாக எடுத்தோம். அந்தப் பெண்கள் நான்கு பேரும் கடன் அட்டைகளோடு ஒன்றாகப் போய் முகாமையாளரிடம் கதைத்து, கிழமைத் தவணையை மாதத் தவணையாக்கினார்கள். நான் கூடப் போய் அட்டையில் வட்டிக் கணக்கை வாசித்துக் காட்டியது மட்டும்தான் என் வேலை. கணக்காளராக இருபது வருடம் வேலை செய்ததில் அன்று பார்த்த வேலைபோல ஒன்று இல்லை.

எதிர்வீட்டு அம்மா என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. கோயிலில் சிலர் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. யாராவது இதைச் செய்ய நினைத்தால் இதுவும் வரும் என்று தெரிந்து செய்யுங்கள், வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். என் கணவர் ஒரு நாளும் "ஏன் உனக்கு இந்த வேலை" என்று கேட்கவில்லை. அந்தத் துணை இல்லாவிட்டால் நான் 1929 எண்ணை அழுத்தியதோடு நின்றிருப்பேன்.

மலர் 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். தமிழுக்கு நல்ல பெறுபேறு, கணக்கில் தவறிவிட்டாள். இப்போது தையல் பழகுகிறாள், கணக்குக்கு மறுபடியும் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளுக்கு அழைத்து இயற்கணிதத்தில் சந்தேகம் கேட்பாள். தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஏழாம் வகுப்பு. அந்தத் தரகர் போன வருடம் மறுபடியும் அந்த லயத்துக்கு வந்தாராம். மலரின் அம்மா வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார் என்று மலர் சொன்னாள், "சங்கிலி வேணாம்னு சொல்லிட்டாங்க அக்கா."

நான் அடிக்கடி நோர்வூட் போய்வருவது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் போன மாதம் இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு தங்கச்சி, கைக்குழந்தையோடு இருப்பவர், என்னிடம் வந்து, "அக்கா, உங்களுக்கு அங்கே ஆட்களைத் தெரியுமாம், குழந்தையைப் பார்க்க ஒரு சின்னப் பிள்ளை எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு இருக்கவைத்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு கிருலப்பனையில் இருந்து வந்துபோகும் நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவரின் இலக்கத்தைக் கொடுத்தேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை, ஞாயிறு லீவு, மாதம் எவ்வளவு, பஸ் காசு யார், சுகமில்லாத நாளுக்குச் சம்பளம் வெட்டுவதா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் ஒப்பமிட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் தாளை வாசித்துவிட்டு, "ஐந்து மணிக்குப் போய்விட்டால் இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை யார் கழுவுறது அக்கா?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டில் இவர் கழுவுவார், நான் துடைத்து வைப்பேன்" என்றேன்.